உலகப் படங்களில் தன் ஊரைக் கண்டவர்: சத்யஜித் ரே

கலைஞர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவர் படைத்தவற்றை வரிசைப்படுத்திக் காட்டுவதே பெருவழக்கு. அவர் எவற்றைப் பார்த்தார், எவற்றைப் படித்தார், எவ்வாறு பார்த்தார் என்று கேட்போர் மிகச் சிலரே. நல்ல புலவர் ஒருவர் தோன்றுவதற்கு முன் அவருக்குள் நல்ல வாசகர் ஒருவர் தோன்றியிருக்க வேண்டும் என்பது இலக்கியம் பயில்வோர் அறிந்த உண்மை. அவ்வுண்மை திரைக்கலைக்கும் பொருந்தும் என்பதற்குச் சான்றாக விளங்குவது வங்கம் தந்த மேதை சத்யஜித் ரேயின் வாழ்க்கை.

திரைப்படம் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே உண்டு. இளைஞர்களின் பொழுதும் பொருளும் வீணாகின்றனவே என்னும் அவர்களது கவலை காரணமற்றதன்று. ஆயினும் கத்தி காய் நறுக்குவதும் கையை அறுப்பதும் பிடிப்பவரின் பயிற்சியைப் பொறுத்தன. படம் பார்ப்பதும் அத்தகையதே. பார்க்கத் தெரிந்து பார்த்த ஒருவர் எத்தகைய உயரத்தை எய்தினார் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

குடிப்பிறப்பும் இளமையும்

1921ஆம் ஆண்டு மே 2ஆம் நாள் கல்கத்தாவில், கலையும் கல்வியும் தழைத்த குடும்பத்தில் ரே பிறந்தார். பாட்டனார் உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி எழுத்தாளர், ஓவியர், இசைவாணர். ஒளிப்படங்களைப் புள்ளிகளாக்கி அச்சிடும் முறையில் ஆராய்ச்சிகள் செய்து மேலை நாட்டாரின் மதிப்பைப் பெற்றவர். சிறுவர்களுக்காக 1913இல் 'சந்தேஷ்' என்னும் இதழைத் தொடங்கியவரும் அவரே. தந்தையார் சுகுமார் ராயின் வேடிக்கைப் பாடல்களை அறியாத வங்கக் குழந்தை இல்லை எனலாம்.

இத்தகைய செல்வாக்குமிக்க இல்லத்தில் பிறந்தும் ரேயின் இளமை எளிதாக அமையவில்லை. அவருக்கு மூன்று வயது நிரம்புவதற்கு முன்பே, 1923இல், தந்தையார் காலா அசார் என்னும் கொடிய காய்ச்சலுக்கு இரையானார். சில ஆண்டுகளில் குடும்பத்தின் அச்சகமும் நொடித்துப் போயிற்று. அன்னை சுப்ரபா மகனை அழைத்துக்கொண்டு தம் சகோதரர் வீட்டில் குடியேறினார். கைம்பெண்களுக்கான கல்வி நிலையத்தில் ஆசிரியையாகப் பணியாற்றி மகனை வளர்த்தார். தந்தையை இழந்த பிள்ளையும் தன்மானம் குன்றாத தாயும் ரேயின் படங்களில் மீண்டும் மீண்டும் தோன்றுவதற்கு வேர் இங்கே இருக்கிறது.

பள்ளிப் பருவத்திலேயே அவருக்குத் திரைப்பட ஆர்வம் அரும்பியது. பார்த்த படங்களைக் குறிப்பேடு ஒன்றில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தாமே மதிப்பெண் இட்டு வந்தார். தொடக்கத்தில் அவர் கண்ணுக்குப் புலப்பட்டவர்கள் நடிகர்களே. மாநிலக் கல்லூரியில் பயின்ற காலத்தில் அவரது பார்வை நடிகரிடமிருந்து இயக்குநரிடம் சென்றது. முகத்தைப் பார்த்தவர் முகத்தை அவ்வாறு காட்டிய கையைத் தேடத் தொடங்கினார். திரைப்பட ரசிகர் பலர் வாழ்நாள் முழுவதும் கடக்காத எல்லையை அவர் இருபது வயதுக்குள் கடந்துவிட்டார்.

சாந்திநிகேதனும் விளம்பர நிறுவனமும்

பொருளாதாரப் பட்டம் பெற்ற பின் அன்னையின் விருப்பத்திற்கிணங்க 1940இல் தாகூரின் சாந்திநிகேதனில் ஓவியம் பயிலச் சேர்ந்தார். நகரத்துப் பிள்ளையான அவருக்கு அங்குச் செல்வதில் பெரிய நாட்டம் இருக்கவில்லை. ஆயினும் நந்தலால் போஸ், பினோத் பிஹாரி முகர்ஜி ஆகிய ஆசான்கள் அவர் கண்களைத் திறந்தனர். அஜந்தா, எல்லோரா முதலிய இடங்களுக்குச் சென்று இந்தியக் கலையின் பெருமையை நேரில் உணர்ந்தார். சிறு புல்லையும் ஒற்றைக் கோட்டையும் பொறுமையோடு நோக்கும் பழக்கம் அங்கே படிந்தது.

திரைப்படக் கலை பற்றிய நூல்களை அங்கிருந்த நூலகத்தில் அவர் விரும்பிப் படித்தார். கல்வியூர் ஆதலின் படம் பார்க்கும் வாய்ப்பு அரிது. ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' கல்கத்தாவுக்கு வந்து சென்றபோது தாம் அங்கில்லாமற்போனதை அவர் நெடுநாள் நினைத்து வருந்தினார். ஒரு படத்தைத் தவறவிட்டால் மறுபடி காண இயலுமா என்பது உறுதியில்லாத காலம் அது.

1942 இறுதியில் சாந்திநிகேதனை விட்டுக் கல்கத்தா திரும்பினார். 1943இல் டி.ஜே. கீமர் என்னும் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் மாதம் 80 ரூபாய் ஊதியத்தில் ஓவியராகச் சேர்ந்தார். சிக்னெட் பதிப்பகத்திற்காக அட்டைப்படங்களும் வரைந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சிறுவர் பதிப்புக்குப் படம் வரையும் பணி அவ்வாறே அவரிடம் வந்தது. வரைந்து முடிப்பதற்குள் அந்நாவல் திரைக்கு ஏற்றது என்னும் எண்ணம் அவருள் வேர்கொண்டுவிட்டது.

படம் பார்த்தல் என்பது இந்நாட்களில் அவருக்குப் பாடம் படித்தலாக மாறியது. திரையரங்கின் இருளில் அமர்ந்தவாறே, காட்சிகள் எங்கே வெட்டப்படுகின்றன, எவ்வாறு இணைக்கப்படுகின்றன என்று தமக்கு மட்டும் விளங்கும் கிறுக்கெழுத்தில் குறித்துக்கொள்வார். ஒரு நாவல் படமாகப் போகிறது என்னும் செய்தி வந்தால், அதற்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, பின்னர் வெளிவரும் படத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். திரைப்படக் கல்லூரி எதிலும் அவர் பயின்றதில்லை. இருளில் எழுதிய அக்குறிப்புகளே அவர் கல்லூரி.

கல்கத்தா திரைப்படச் சங்கம்

நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில் ரேயும் அவர் நண்பர் சிதானந்த தாஸ்குப்தாவும் வேறு சிலரும் கூடிக் கல்கத்தா திரைப்படச் சங்கத்தை நிறுவினர். அக்காலத்துத் திரையரங்குகளில் ஓடிய அயல்நாட்டுப் படங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எடுக்கப்பட்டவை. பிரான்சு, இத்தாலி, ஜப்பான், உருசியா ஆகிய நாடுகளின் சிறந்த படங்களைக் காண வழியில்லை. அவற்றைத் தேடிப் பெற்று உறுப்பினர்களுக்குக் காட்டுவதே சங்கத்தின் நோக்கம். முதலில் திரையிடப்பட்டது ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்'.

சங்கத்திற்குச் சொந்தக் கட்டடமோ போதிய பணமோ இருக்கவில்லை. உறுப்பினர் வீடுகளிலேயே கூட்டம் நடைபெறும். திரைப்படக்காரர்கள் வந்துபோவதால் தம் வீட்டின் தூய்மை கெடுவதாக வீட்டு உரிமையாளர் ஒருவர் சினந்ததும் உண்டு. உலகத்தின் உயர்ந்த கலைப்படங்களைப் பற்றி ஆராய வந்தவர்கள், திரைப்படம் என்ற ஒரு சொல்லாலேயே பழிக்கப்பட்டனர். அவர்கள் அதனைப் பொருட்படுத்தவில்லை. பார்த்தனர், விவாதித்தனர், எழுதினர். இந்தியப் படங்களின் குறைகளை ஆராய்ந்து 1948இல் ரே எழுதிய கட்டுரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளேட்டில் வெளிவந்தது. அயல்நாட்டுப் படங்களின் புற அலங்காரத்தைப் பின்பற்றுவதை விடுத்து, நம் வாழ்க்கையிலிருந்தே கருவை எடுக்க வேண்டும் என்பது அக்கட்டுரையின் சாரம். அயல்நாட்டுப் படங்களை ஊன்றிப் பார்த்த ஒருவரே இதனை வற்புறுத்தினார் என்பது எண்ணத்தக்கது.

ரெனுவாரின் வருகை

1949இல் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்னும் படத்திற்கு இடம் தேடிக் கல்கத்தாவுக்கு வந்தார். செய்தியறிந்த ரே அவர் தங்கியிருந்த விடுதிக்கே சென்று சந்தித்தார். பின்னர் விடுமுறை நாட்களில் அவரோடு நகரின் புறப்பகுதிகளுக்கு உடன்சென்றார். வாழைத்தோப்பையும் குளக்கரையையும் குடிசையையும் கண்டு அந்த அயல்நாட்டு முதியவர் அடைந்த வியப்பு, அவற்றை நாள்தோறும் கண்டு பழகிய வங்க இளைஞருக்குப் புதிய பாடமாயிற்று. தம் மனத்திலிருந்த 'பதேர் பாஞ்சாலி'யைப் பற்றி ரே அவரிடம் கூறினார். ரெனுவார் ஊக்கமளித்தார்.

அப்படப்பிடிப்பு மேலும் இருவரை உருவாக்கியது. காஷ்மீரத்தைச் சேர்ந்த பன்சி சந்திரகுப்தா அதில் கலைத்துறை உதவியாளராகப் பணியாற்றினார். சுப்ரதா மித்ரா என்னும் மாணவர் நாள்தோறும் வந்து ஓரமாக நின்று, விளக்குகள் எங்கெங்கே வைக்கப்படுகின்றன என்று வரைந்துகொண்டிருந்தார். பின்னாளில் ரேயின் கலை இயக்குநராகவும் ஒளிப்பதிவாளராகவும் திகழ்ந்தவர்கள் இவ்விருவரே.

லண்டனில் நூறு படங்கள்

1950 ஏப்ரலில் விளம்பர நிறுவனம் ரேயைப் பயிற்சிக்காக லண்டனுக்கு அனுப்பியது. துணைவியார் பிஜோயாவும் உடன் சென்றார். அங்கிருந்த ஏறத்தாழ ஐந்து மாதங்களில் பகல் முழுவதும் அலுவலகப் பணி, எஞ்சிய நேரமெல்லாம் திரையரங்கு என்று கழிந்தது. பார்த்த படங்கள் சற்றேறக்குறைய 100.

சென்றிறங்கிய சில நாட்களுக்குள்ளேயே அவர் பார்த்த படம் இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகாவின் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. போருக்குப் பிந்தைய ரோமாபுரியில் வேலையற்றிருந்த ஒருவனுக்குச் சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது. வேலைக்கு மிதிவண்டி இன்றியமையாதது. முதல் நாளே அது திருடு போகிறது. தந்தையும் சிறு மகனும் அதனைத் தேடி நகரெங்கும் அலைகின்றனர். கதை இவ்வளவே. நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். தந்தையாக நடித்தவர் ஆலைத் தொழிலாளி. தெருக்களும் மழையும் உண்மையானவை. ஏழைமை இரக்கத்திற்காக விற்கப்படவில்லை, மறைக்கப்படவும் இல்லை.

தம் மனத்தில் நெடுநாளாக இருந்த ஐயத்திற்கு ரே இப்படத்தில் விடை கண்டார். பெரிய நடிகர்கள் இன்றி, அரங்க அமைப்பு இன்றி, எளிய மக்களை அவர்கள் வாழும் இடத்திலேயே படம்பிடிக்க இயலும் என்னும் துணிவு பிறந்தது. கப்பலில் நாடு திரும்பும் வழியிலேயே 'பதேர் பாஞ்சாலி'க்குத் திரைவடிவம் எழுதத் தொடங்கினார். ரோமாபுரியின் தெருவைப் பார்த்தவரின் கை எழுதியது வங்கத்துச் சிற்றூரை. இதுவே அவர் வாழ்வின் திருப்புமுனையாகும்.

1952ஆம் ஆண்டின் திரைப்பட விழா

லண்டனுக்குச் செல்லும் பேறு ஒருவருக்கு வாய்க்கலாம். நாட்டிலுள்ள கலைஞர் அனைவர்க்கும் வாய்க்குமா? இக்குறையைத் தீர்க்கும் வகையில் அமைந்தது இந்திய அரசின் சார்பில் நடைபெற்ற முதல் பன்னாட்டுத் திரைப்பட விழா. 1952 ஜனவரி 24ஆம் நாள் பம்பாயில் தொடங்கிய இவ்விழா, பின்னர்ச் சென்னை, டெல்லி, கல்கத்தா ஆகிய நகரங்களுக்கும் எடுத்துச் செல்லப்பட்டது. ஆசியாவில் இவ்வகையில் இதுவே முதல் விழா. 23 நாடுகள் பங்கேற்றன. டி சிகாவின் படங்களும் ரோசெல்லினியின் 'ரோம் ஓப்பன் சிட்டி'யும் முதன்முறையாக இந்திய மக்கள் கண்முன் விரிந்தன.

திரைப்பட விழா என்பது வெறும் கொண்டாட்டமன்று. வணிகர் எவரும் விலைகொடுத்து வாங்கத் துணியாத படங்கள் தகரப் பெட்டிகளில் அடைபட்டுக் கடல் கடந்து வந்து, சில நாட்களே தங்கிச் செல்லும். அந்நாட்களில் காணாதவர் பின்னர்க் காண்பது அரிது. ஆகவே விழாக்காலத்தில் உறக்கத்தையும் உணவையும் மறந்து அரங்கிற்கு அரங்கு ஓடுவது ஆர்வலர் இயல்பாயிற்று. குரோசாவாவின் 'ராஷோமோன்' என்னும் ஜப்பானியப் படம் கல்கத்தாவுக்கு வந்தபோது ரே அதனை அடுத்தடுத்து மூன்று நாட்கள் சென்று பார்த்தார். ஒரே நிகழ்ச்சியை நால்வர் நால்வகையாகக் கூறும் அப்படத்தில், காட்டினூடே நகரும் ஒளிப்படக் கருவியின் ஓட்டமும் மரக்கிளைகளின் இடையே ஒளிரும் கதிரவனும் அவரை ஆட்கொண்டன. கதைக்காக ஒரு முறையும் கலைக்காகப் பல முறையும் பார்ப்பது அவர் வழக்கம்.

அவ்விழாவின் பயன் ரே ஒருவரோடு நின்றுவிடவில்லை. அங்கே இத்தாலியப் படங்களைக் கண்ட பிமல் ராய் 1953இல் 'தோ பீகா ஜமீன்' என்னும் இந்திப் படத்தை எடுத்தார். நிலத்தை மீட்கக் கல்கத்தா நகரில் ரிக்‌ஷா இழுக்கும் உழவனின் கதையான அது, 1954இல் கான் விழாவில் பரிசு பெற்றது. ஒரு விழா ஒரு நாட்டின் கலையைத் திசைதிருப்ப இயலும் என்பதற்கு 1952ஆம் ஆண்டு சான்று.

பதேர் பாஞ்சாலி பட்ட பாடு

படத்தின் காட்சிகளைக் கோட்டோவியங்களாக வரைந்த ஏடு ஒன்றை ஏந்திக்கொண்டு தயாரிப்பாளர் பலரின் வாயில்களை ரே தட்டினார். பாடலும் ஆடலும் பெயர்பெற்ற நடிகரும் இல்லாத படத்திற்கு முதலீடு செய்ய எவரும் முன்வரவில்லை. ஆயுள் காப்பீட்டின் மீது கடன் பெற்று, 1952 அக்டோபர் 27ஆம் நாள் படப்பிடிப்பைத் தொடங்கினார். வெண்ணிறக் காஷ் பூக்கள் மண்டிய வெளியில் அக்காளும் தம்பியும் முதன்முதலாக இரயிலைக் காணும் காட்சி அது. ஒரு பகுதியை எடுத்துவிட்டு அடுத்த வாரம் சென்றபோது பூக்கள் யாவற்றையும் மாடுகள் மேய்ந்துவிட்டிருந்தன. மறுமுறை பூக்கும்வரை ஓராண்டு காத்திருக்க நேர்ந்தது.

அலுவலகப் பணியை விடாது, விடுமுறை நாட்களில் மட்டும் படப்பிடிப்பு நடைபெற்றது. பணம் தீர்ந்தபோது நூல்களும் இசைத்தட்டுகளும் விற்கப்பட்டன. துணைவியாரின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. அதன்பின் மாதக்கணக்கில் பணி முடங்கியது. சிறுவனின் குரல் உடைந்துவிடுமோ, சிறுமி வளர்ந்துவிடுவாளோ, முதிய அத்தையாக நடித்த எண்பது வயது சுனிபாலா தேவி மறைந்துவிடுவாரோ என்னும் அச்சம் நாள்தோறும் ரேயை வாட்டியது. மூன்றும் நிகழாமல் காலம் அருள்செய்தது. இறுதியில் அன்னையாரின் தோழி ஒருவரின் முயற்சியால் மேற்கு வங்க முதலமைச்சர் டாக்டர் பி.சி. ராய் அரசுப் பணம் கிடைக்கச் செய்தார். படத்தின் பெயர் பாதையைக் குறித்ததால், அத்தொகை சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதப்பட்டது என்பர்.

நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்த மன்றோ வீலர் கல்கத்தாவுக்கு வந்தபோது படத்தின் சில நிழற்படங்களைக் கண்டு, அங்கு நிகழவிருந்த இந்தியக் கலைக் கண்காட்சியில் இப்படத்தைத் திரையிட விழைந்தார். அமெரிக்க இயக்குநர் ஜான் ஹூஸ்டனும் முற்றுப்பெறாத பகுதிகளைக் கண்டு பாராட்டினார். 1955 மே மாதம் நியூயார்க்கில் முதற்காட்சி நடைபெற்றது. ஆகஸ்டு 26ஆம் நாள் கல்கத்தாவில் வெளியானது. முதல் சில நாட்கள் மந்தமாக இருந்த வரவேற்பு விரைவில் பெருகி அரங்குகள் நிறைந்தன. அவ்வாண்டின் சிறந்த படத்திற்கான குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கமும் கிட்டியது.

பார்க்கச் சென்றவர், பார்க்கப்பட்டார்

இந்தியாவின் வறுமையை அயலார்க்குக் காட்டலாமா என்று அதிகார வட்டாரத்தில் எதிர்ப்பு எழுந்தபோதும், பிரதமர் நேருவின் ஆதரவால் 1956இல் இப்படம் பிரான்சின் கான் விழாவுக்குச் சென்றது. வேறு நிகழ்ச்சிகள் நடந்த நேரத்தில் திரையிடப்பட்டதால் முதற்காட்சிக்கு வந்தோர் சிலரே. கண்டு உருகிய விமரிசகர்கள் சிலர் முயன்று மறுபடியும் காட்டச் செய்தனர். மானுட வாழ்வின் சிறந்த ஆவணம் என்னும் சிறப்புப் பரிசு அதற்கு வழங்கப்பட்டது. ஒரு விழாவில் சிலர் கண்விழித்து ஊன்றிப் பார்த்திராவிடில், அப்படத்தின் தலையெழுத்தே மாறியிருக்கக்கூடும்.

அடுத்த ஆண்டு வெனிஸ் விழாவில் 'அபராஜிதோ'வுடன் ரே நேரில் கலந்துகொண்டார். தாம் மூன்று முறை பார்த்து வியந்த குரோசாவாவின் 'த்ரோன் ஆஃப் பிளட்' படமும் அதே போட்டியில் இருந்தது. தங்கச் சிங்கம் என்னும் உயரிய பரிசு 'அபராஜிதோ'வுக்கே கிடைத்தது. கல்கத்தாவில் மக்கள் ஆதரவின்றித் தோல்வியுற்ற படம் அது என்பது குறிப்பிடத்தக்கது. 1959இல் 'அபுர் சன்சார்' வெளிவர, அபுவின் வாழ்க்கையைக் கூறும் முப்படங்களும் நிறைவுற்றன. பெர்லின் விழாவில் 'மஹாநகர்', 'சாருலதா' ஆகியவற்றிற்காக 1964, 1965ஆம் ஆண்டுகளில் சிறந்த இயக்குநர் பரிசும், 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தைச் சித்திரித்த 'அசனி சங்கேத்' படத்திற்கு 1973இல் தங்கக் கரடியும் பெற்றார்.

நடுவர் இருக்கையில்

புகழ் வந்த பின்னும் ரே பார்வையாளராகவே இருந்தார். 1959 டிசம்பரில் கல்கத்தா, டெல்லி, பம்பாய், சென்னை, பாட்னா, ரூர்க்கி ஆகிய ஆறு இடங்களின் சங்கங்கள் இணைந்து இந்தியத் திரைப்படச் சங்கங்களின் கூட்டமைப்பை உருவாக்கியபோது தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. சென்னையில் இவ்வியக்கத்திற்குத் துணைநின்ற அம்மு சுவாமிநாதன் அதன் துணைத்தலைவர்களுள் ஒருவராக விளங்கினார். கேரளத்தில் 1965இல் அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய சித்ரலேகா சங்கமும் இவ்வழியில் வந்ததே.

பெர்லின், மாஸ்கோ விழாக்களில் நடுவராக அமர்ந்த ரே, 1965 ஜனவரியில் டெல்லியில் நடைபெற்ற மூன்றாவது இந்தியப் பன்னாட்டு விழாவில் நடுவர் குழுத் தலைவரானார். இந்தியாவில் முதன்முறையாகப் போட்டி நடைபெற்ற விழா அது. தங்க மயில் பரிசு இலங்கை இயக்குநர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் 'கம்பெரலிய' என்னும் சிங்களப் படத்திற்கு அளிக்கப்பட்டது. மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவி, சிற்றூர்ப் பெருங்குடும்பம் ஒன்றின் தேய்வை ஆரவாரமின்றிக் கூறிய படம் அது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கானில் வங்கச் சிற்றூர் ஒன்றுக்குக் கிடைத்த மதிப்பு, இப்போது டெல்லியில் இலங்கைச் சிற்றூர் ஒன்றுக்குக் கிடைத்தது. பெரிய நாடு, சிறிய நாடு என்னும் வேறுபாடின்றிக் கலையைக் கலையாக மதிக்கும் களமாக விழா அமைய வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டு.

1977இல் டெல்லி விழாவுக்கு ஜப்பானின் குரோசாவாவும் இத்தாலியின் அந்தோனியோனியும் வந்தனர். இருவரோடும் ரே ஆக்ராவுக்குச் சென்றார். தாஜ்மகாலின் முன் அம்மூவரும் சேர்ந்து நிற்கும் நிழற்படம் திரைப்பட வரலாற்றில் புகழ்பெற்றது. ஒருகாலத்தில் நுழைவுச்சீட்டு வாங்கி மூன்று நாட்கள் தொடர்ந்து எவரது படத்தைப் பார்த்தாரோ, அவருக்கே நம் நாட்டின் எழிலைக் காட்டும் பேறு அவருக்கு வாய்த்தது.

லக்னோவும் சென்னையும்

உலகைப் பார்த்துப் பழகிய கண், நம் நாட்டிலேயே தமக்கு அயலான பகுதிகளையும் பரிவோடு நோக்கியது. பிரேம்சந்தின் சிறுகதையைத் தழுவி 1977இல் உருவான 'ஷத்ரஞ்ச் கே கிலாடி', 1856இல் ஆங்கிலேயர் அவத் அரசைக் கவர்ந்துகொண்ட வரலாற்றைக் கூறுவது. உருது மொழியில் தமக்குப் புலமையின்மையை உணர்ந்த ரே, உரையாடல்களை ஷமா ஜைதி, ஜாவேத் சித்திக்கி ஆகியோரிடம் ஒப்படைத்தார். இன்பத்தில் மூழ்கி நாட்டை இழந்தவர் என்று ஆங்கிலேயர் எழுதிவைத்த நவாப் வாஜித் அலி ஷாவை அவர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. கவிஞர், இசைப்புலவர், கதக் நடனத்தின் புரவலர் என்னும் அம்மன்னரின் மறுபக்கத்தைத் தேடிக் கற்று, குறையையும் நிறையையும் ஒருங்கே காட்டினார். முடியைக் கழற்றி நீட்டும் மன்னரின் துயரம் பார்ப்போர் நெஞ்சை நெகிழ்விப்பது.

தமிழகத்தோடும் அவருக்குத் தொடர்பு உண்டு. பதினான்கு வயதில் கல்கத்தாவில் தஞ்சை பாலசரஸ்வதியின் நடனத்தைக் கண்டு வியந்த ரே, நாற்பதாண்டுகளுக்குப் பின் 1976இல் அவரைப் பற்றி 'பாலா' என்னும் ஆவணப்படத்தை எடுத்தார். அதனைத் தயாரித்ததில் தமிழ்நாட்டு அரசுக்கும் பங்குண்டு. சிறுவயதில் கண்ட ஒரு காட்சியைக் கூட அவர் வீணாக்கவில்லை.

குறைகூறலும் இறுதிக் காலமும்

இந்தியாவின் வறுமையை அயல்நாட்டு விழாக்களில் விற்பவர் என்னும் பழி ரேயை இறுதிவரை தொடர்ந்தது. நாடாளுமன்றத்திலும் அக்குரல் ஒலித்தது. கல்கத்தா இளைஞர்களின் கொந்தளிப்பைக் கண்டும் காணாதவர் என்று மறுதரப்பினர் குறைகூறினர். 'பிரதித்வந்தி', 'சீமாபத்தா', 'ஜன ஆரண்யா' ஆகிய படங்களே பின்னதற்கு அவரளித்த விடை. முன்னதற்கும் நடுநிலையாளர் விடை காண்பது எளிது. அவர் எடுத்த 36 படங்களில் ஏழைமையைக் கருவாகக் கொண்டவை சிலவே. அவற்றிலும் அன்புடைய தாயும் அறிவுத் தேட்டமுள்ள மகனும் தன்மானமுள்ள முதியவளும் வாழ்கின்றனர். வறியவரை மனிதராகக் காட்டியவரை, வறுமையை விற்றவர் என்பது பொருந்தாது.

1961இல் பாட்டனாரின் 'சந்தேஷ்' இதழுக்கு மறுவாழ்வு அளித்து, சிறுவர்க்காகத் துப்பறியும் கதைகள் பல எழுதினார். உலகப் படங்களைப் பற்றிய அவர் கட்டுரைகள் 1976இல் நூலாயின. 1985இல் கல்கத்தாவில் நல்ல படங்களைக் காட்டுவதற்கென்றே மேற்கு வங்க அரசு அமைத்த 'நந்தன்' மையத்தைத் திறந்துவைத்தவரும் அதன் சின்னத்தை வரைந்தவரும் ரேயே. வீட்டுக் கூடத்தில் கூடியதற்காகப் பழிச்சொல் கேட்ட சங்கத்தின் கனவு 38 ஆண்டுகளுக்குப் பின் கட்டடமாக எழுந்தது.

1983இல் நேர்ந்த மாரடைப்புக்குப் பின் உடல்நலம் குன்றியது. 1992இல் வாழ்நாள் சாதனைக்கான ஆஸ்கார் விருது அவரது மருத்துவமனைப் படுக்கைக்கே வந்தது. பாரத ரத்னா விருதும் அதே ஆண்டில் வழங்கப்பட்டது. 1992 ஏப்ரல் 23ஆம் நாள் அவர் மறைந்தார். கல்கத்தா நகரமே திரண்டு அவருக்கு விடைகொடுத்தது.

முடிவுரை

இன்று சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் கொல்கத்தாவிலும் கோவாவிலும் ஆண்டுதோறும் பன்னாட்டுத் திரைப்பட விழாக்கள் நடைபெறுகின்றன. அரிய படங்கள் பல வீட்டிலிருந்தே காணும் அளவுக்கு அருகில் வந்துவிட்டன. 'சிட்டிசன் கேன்' படத்தைத் தவறவிட்டதற்காக ஏங்கிய இளைஞரின் காலத்தை இன்றைய மாணவர் கற்பனை செய்வதும் அரிது. படங்கள் பெருகியுள்ளன. ஒரே படத்தை மூன்று நாட்கள் சென்று பார்க்கும் பொறுமை பெருகியுள்ளதா என்பதே கேள்வி.

அயல்நாட்டாரின் கலையைக் கண்டால் நம் பிள்ளைகள் தம் மண்ணை மறந்துவிடுவர் என அஞ்சுவோர்க்கு ரேயின் வாழ்க்கை ஆறுதல் தரும். இத்தாலியையும் ஜப்பானையும் பிரான்சையும் அவர் கண்டார். ஆனால் இத்தாலியப் படமோ ஜப்பானியப் படமோ எடுக்க அவர் முனையவில்லை. பாட்டியின் சுருங்கிய முகத்தையும், குளத்தில் ஓடும் நீர்ப்பூச்சியையும், தொலைவில் செல்லும் இரயிலின் புகையையும் புதிய கண்ணோடு நோக்கினார். மாணவச் செல்வங்கள் உலகின் நல்ல படங்களைத் தேடிப் பார்க்கட்டும். ஏடும் எழுதுகோலும் உடன் கொண்டு பார்க்கட்டும். பார்த்து முடித்து அரங்கை விட்டு வெளியே வரும்போது, தம் தெருவையும் தம் தாயையும் முன்னிலும் தெளிவாகக் காண்பார்களாயின், அதுவே பார்த்ததன் பயன்.